‘உங்க நம்பர் சொல்லுங்க!’ - திருடியவன் ஒருத்தன்... பதில் சொல்ல வேண்டியது யாரு?

சும்மா ஒரு கணக்கு போடுங்களேன். போன ஒரு மாசத்தில் எத்தனை கடையில் உங்கள் செல் நம்பரைச் சொல்லியிருப்பீர்கள்?

ஊட்டி கமர்ஷியல் ரோட்டில் கால் கிலோ சாக்லெட் வாங்கும்போது ஒன்று. குன்னூர் பெட்ஃபோர்டில் ஸ்வெட்டர் எடுக்கும்போது, “பில் வாட்ஸ்அப்ல வந்துடும்ங்க”ன்னு சொன்னதால் ஒன்று. செருப்புக் கடையில் ‘பாயின்ட்ஸ் ஏறும்’ என்று ஒன்று. மருந்துக் கடையில் ஏன் கேட்டார்கள் என்று தெரியாமலே ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, காலேஜ் வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடை! ஸ்காலர்ஷிப்புக்காக ஆதார், சாதிச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் அந்த அண்ணன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி, பிரின்ட் எடுத்து, ரெண்டு ரூபாய் கொடுத்துவிட்டு வந்தீர்களே... அந்த ஃபைல் இப்போது எங்கே இருக்கிறது? வேறெங்கே, அந்தக் கம்ப்யூட்டரில்தான். உங்கள் சீனியர், அவருடைய சீனியர், அவருடைய தங்கச்சி எல்லோருடைய ஆதாரும் வரிசையாக அடுக்கியிருக்கும்!

“அட போங்க பாஸ், நம்மகிட்ட என்ன இருக்குன்னு திருடப் போறான்? அக்கவுன்ட்ல இருக்கறதே முந்நூத்தி அம்பது ரூவா” என்கிறீர்களா?

கொஞ்சம் பொறுங்கள். திருடனுக்கு வேண்டியது உங்கள் முந்நூற்று ஐம்பது ரூபாய் இல்லை, உங்கள் பெயர். உங்கள் பெயரில் ஒரு சிம் வாங்கலாம். உங்கள் வீட்டு முகவரியையும் அப்பா பெயரையும் சரியாகச் சொல்லி, “பேங்க்ல இருந்து பேசறோம்மா” என்று உங்கள் அம்மாவை நம்ப வைக்கலாம். ஊர் பேர் தெரியாதவன் பேசினால் அம்மா போனை வைத்துவிடுவார். குடும்பத்தில் எத்தனை பேர் என்பது வரைக்கும் தெரிந்தவன் பேசினால்?

அப்படி ஒரு கடையில் இருந்து நம் விவரம் திருடு போனால், யாரைப் போய்க் கேட்பது? இதுதான் இந்த வார மேட்டர்.

நீலகிரிக்குத் தெரிந்த கடை

“இதெல்லாம் அமெரிக்காவில நடக்கும், பெங்களூர்ல நடக்கும். நம்ம மலையில ஏது?” என்று நினைக்காதீர்கள். பெரிய ஷாப்பிங் மால் நம் மலையில் இருக்கிறதோ இல்லையோ, எல்லா ஹட்டிக்கும், எல்லா எஸ்டேட் லைனுக்கும் தெரிந்த ஒரு சில்லறைக் கடை இருக்கிறது. ரேஷன் கடை!

தமிழ்நாட்டில் 2 கோடிக்கும் மேல் ரேஷன் கார்டுகள். 2017-ல் பழைய புத்தகம் போய் ஸ்மார்ட் கார்டு வந்தது. குடும்பத் தலைவர் பெயர், குடும்பத்தில் யார் யார், யாருக்கு யார் என்ன உறவு, ஆதார் எண், செல் நம்பர், முகவரி எல்லாமே கம்ப்யூட்டருக்குள் போனது. அரிசி வாங்கினால் உடனே போனுக்கு எஸ்.எம்.எஸ். வசதிதான். யார் இல்லையென்றது?

2021 ஜூன் கடைசி. பெங்களூரைச் சேர்ந்த டெக்னிசாங்க்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தது. தமிழ்நாட்டு ரேஷன் பயனாளிகளின் விவரங்கள், திருட்டுத் தகவல்களை வாங்கி விற்கும் இணையச் சந்தையில் கிடக்கின்றன! அவர்கள் சொன்ன எண்ணிக்கை 49,19,668 பேர். கிட்டத்தட்ட அரை கோடி. ஆதார் எண், பெயர், முகவரி, குடும்ப உறவு, ஒரு பகுதிப் பேருக்கு செல் நம்பர். ஜூலை முதல் வாரம் பத்திரிகைகளில் செய்தி வந்தது.

சரி, எங்கே இருந்து கசிந்தது? அரசாங்கத்தின் தளத்தில் இருந்தேவா, இல்லை அந்த விவரங்களைக் கையாண்ட வேறு யாரிடமிருந்தாவதா? அந்த நிறுவனமே இதுதான் என்று உறுதியாகச் சொல்லவில்லை.

இங்கேதான் நம்ம கேள்வி பிறக்கிறது. செருப்புக் கடையில் “நம்பர் தர மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். கோத்தகிரி பக்கம் லைன் வீட்டில் இருக்கும் ஒரு பாட்டி, ரேஷன் கடையில் அப்படிச் சொல்ல முடியுமா? ஆதார் கொடுத்தால்தான் கார்டு, கார்டு இருந்தால்தான் அரிசி. இலங்கையில் இருந்து தாயகம் திரும்பி, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு ரேஷன் கார்டு வெறும் அரிசி அட்டை இல்லை. ‘நான் இந்த ஊர்க்காரி’ என்று காட்டிக்கொள்ள இருக்கும் ஒரு காகிதம். வேறு வழியே இல்லாமல் கொடுத்த விவரம் தெருவுக்கு வந்தால், பதில் சொல்ல வேண்டியது யார்?

வாங்க, ஆளாளுக்குக் கூண்டில் ஏற்றி விசாரிப்போம்.

கூண்டில் முதல் ஆள்: திருடன்

“இதென்ன கேள்வி? திருடினவன்தானே குத்தவாளி!”

ரொம்பச் சரி. பிடித்தால் உள்ளே தள்ள வேண்டியதுதான். அமெரிக்காவில் அப்படியே நடந்தது. டி.ஜே.எக்ஸ். என்று ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனம். 2005-ல் இருந்து ஒரு கும்பல் அதன் கடை ஒன்றின் வலுவில்லாத வயர்லெஸ் இணைப்பு வழியாக உள்ளே புகுந்து, மெதுவாக மேய்ந்துகொண்டே இருந்தது. 2007-ல் விஷயம் வெளியே வந்தபோது, திருடு போனவை 4 கோடியே 57 லட்சம் கார்டு எண்கள் என்று அந்த நிறுவனமே சொன்னது. கும்பலின் தலைவன் ஆல்பர்ட் கொன்சாலஸ். போலீஸுக்குத் துப்பு கொடுக்கும் ஆளாக இருந்துகொண்டே இந்த வேலையையும் பார்த்தவன்! 2010-ல் 20 வருஷம் சிறைத் தண்டனை.

கதை முடிந்ததா? இல்லை. கனடா நாட்டின் தனியுரிமை ஆணையர் இதே விஷயத்தை விசாரித்து 2007 செப்டம்பரில் ஓர் அறிக்கை கொடுத்தார். அதில் அவர் கேட்டது, ‘திருடன் எப்படி உள்ளே வந்தான்’ என்பதை மட்டும் இல்லை. ‘இவ்வளவு விவரம் உங்களிடம் எதற்காக இருந்தது?’ என்றும் கேட்டார். பில் இல்லாமல் பொருளைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களிடம், அந்தக் கடைகள் டிரைவிங் லைசென்ஸ் எண்ணைக் கேட்டுக் குறித்து வைத்துக்கொண்டு இருந்தன. ஒரு சட்டையைத் திருப்பிக் கொடுக்க லைசென்ஸ் எண் எதற்கு? குறித்ததையும் அழிக்காமல் வருஷக் கணக்கில் ஏன் வைத்திருந்தீர்கள்? இதுதான் ஆணையர் கண்ட குற்றம்.

திருடன் ஜெயிலுக்குப் போனான். ஆனாலும் விசா கார்டு கொடுத்த வங்கிகளுக்கு 4 கோடியே 9 லட்சம் டாலர் வரை தர டி.ஜே.எக்ஸ். ஒப்புக்கொண்டது. ஆக, குற்றவாளி வேறு... பொறுப்பாளி வேறு! இந்த ரெண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் நிறைய பேர் தப்பித்துக்கொள்கிறார்கள்.

ரெண்டாவது ஆள்: கவுன்டர் பையன்

இது உங்களுக்கே வரலாம், ஜாக்கிரதை! ஏப்ரல், மே சீசன் வந்தால் நம் மலையில் எத்தனை காலேஜ் பசங்க, பொண்ணுங்க கடைக் கவுன்டரில் நிற்கிறீர்கள்? மலர்க் கண்காட்சி சமயத்தில் சாக்லெட் கடையிலும், டீத்தூள் கடையிலும், லாட்ஜ் ரிசப்ஷனிலும் நீங்கள்தானே? “கஸ்டமர் நம்பர் வாங்காம பில் போடாதே”ன்னு முதலாளி சொல்வார். பில்லிங் மிஷினும் நம்பர் போட்டால்தான் அடுத்த பக்கம் போகும். எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதுவும் கடைப் பெயரோடு ஒன்று, ரெண்டு, மூணு! மறந்துவிடக் கூடாதே என்று மானிட்டர் மேலேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டியும் இருப்பார்கள்.

நாளைக்கு அந்த லிஸ்ட் வெளியே போனால், முதலில் யாரைக் கேட்பார்கள்? “சீசனுக்கு வந்த பையன்தான் எடுத்திருப்பான்” என்று கை நீளும். எடுத்திருந்தால் தப்பு, தண்டனை உண்டு. பணியில் கிடைத்த விவரத்தை அடுத்தவருக்குக் கேடு வரும்படி வெளியே கொடுத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72-ஏ பிரிவு மூன்று வருஷம் வரை சிறை என்று வகுத்தது. ‘தெரிஞ்ச அண்ணனுக்கு நம்பர் லிஸ்ட் கொடுத்தேன், அவ்வளவுதான்’ என்பது விளையாட்டு இல்லை பாஸ்!

ஆனால் எடுக்காத பட்சத்தில்? ஒரே பாஸ்வேர்டை ஏழு பேருக்குக் கொடுத்தால், யார் எப்போது உள்ளே போனார்கள் என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது. அந்தப் பாஸ்வேர்டை வைத்தது கவுன்டர் பையன் இல்லை. அடுத்த ஆளைக் கூப்பிடுங்க!

மூணாவது ஆள்: சாஃப்ட்வேர் கம்பெனி

“எங்களுக்கு என்னங்க தெரியும்? சாஃப்ட்வேர் போட்டவங்கதான் பாத்துக்கணும்.” கடைக்காரர்களின் ரெடிமேட் பதில் இது. கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. பலசரக்குக் கடை அண்ணாச்சி சர்வருக்குள் போய்ப் பார்க்க முடியுமா?

இதற்கு உலகமே பேசிய உதாரணம் ஒன்று உண்டு. 2013 நவம்பர், டிசம்பர். அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் பண்டிகைக் கூட்டம். அந்த நேரத்தில் 4 கோடி கார்டு விவரங்களும், 7 கோடி வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, போன் நம்பர் போன்றவையும் திருடு போயின. திருடர்கள் எந்த வழியாக நுழைந்தார்கள் தெரியுமா? கடைகளுக்குக் குளிர்பதன வேலை செய்துவந்த ஒரு சின்ன கான்ட்ராக்டருக்குக் கொடுத்திருந்த பாஸ்வேர்டு வழியாக! ஃப்ரிட்ஜ் ரிப்பேர்காரருக்குக் கொடுத்த பின்வாசல் சாவி, கல்லாப்பெட்டி வரைக்கும் திறந்திருக்கிறது.

இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. திருட்டு நடக்கும்போதே எச்சரிக்கை மணி அடித்தது. அதைக் கவனித்தது பெங்களூரில் உட்கார்ந்திருந்த டார்கெட்டின் பாதுகாப்புக் குழு. உடனே அமெரிக்கத் தலைமையகத்துக்குச் சொல்லியும்விட்டார்கள். அங்கே யாரும் அசையவில்லை என்று 2014-ல் புளூம்பெர்க் பிசினஸ்வீக் பத்திரிகை விரிவாக எழுதியது. நாளைக்கு பெங்களூர், கோயம்புத்தூர் என்று நைட் ஷிஃப்ட்டுக்குப் போகப் போகிற கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மணி அடிப்பவர் வேலையை ஒழுங்காகச் செய்தாலும், கதவைத் திறக்க வேண்டியவர் தூங்கினால் பிரயோஜனம் இல்லை.

கடைசியில் யார் பதில் சொன்னார்கள்? குளிர்பதன கான்ட்ராக்டரா? இல்லை. டார்கெட்டின் தலைமை நிர்வாகி 2014 மே மாதம் பதவியை விட்டு இறங்கினார். 2017-ல் 47 மாநிலங்களோடு சேர்த்து முடித்துக்கொண்ட சமரசத்துக்கு 1 கோடியே 85 லட்சம் டாலர் கட்டியது டார்கெட். வாடிக்கையாளர் தன் பெயரைச் சொன்னது கடையிடம்தான், கான்ட்ராக்டரிடம் இல்லையே!

நாலாவது ஆள்: சாட்சாத் நீங்கதான்

“படிச்ச புள்ளைங்கதானே, யாரு உன்னைக் குடுக்கச் சொன்னா?” இந்த டயலாக்கைக் கேட்காதவர்கள் உண்டா? ஏமாந்தவர் தலையிலேயே பழியைக் கட்டுவது ரொம்பச் சுலபம்.

இதற்கு நம்ம தமிழ்நாட்டிலேயே ஒரு முக்கியமான தீர்ப்பு இருக்கிறது. கடை இல்லை, வங்கி விவகாரம். ஆனால் வாதம் அதே வாதம். 2007-ல் ஒரு வாடிக்கையாளருக்கு, வங்கியில் இருந்து வந்தது போலவே ஒரு மோசடி இ-மெயில். அவர் விவரத்தைக் கொடுக்க, கணக்கில் இருந்து லட்சக்கணக்கில் பணம் போய்விட்டது. “பாஸ்வேர்டைக் கொடுத்தது அவர் தப்பு, எங்கள் பொறுப்பில்லை” என்றது ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி தீர்ப்பு சொல்லும் அதிகாரியாக இருந்த தமிழ்நாட்டின் தகவல் தொழில்நுட்பச் செயலாளர் அதை ஏற்கவில்லை. வங்கி எடுத்திருக்க வேண்டிய பாதுகாப்பு நடவடிக்கைகளை எடுக்கவில்லை என்று சொல்லி, 12 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் கொடுக்கும்படி 2010 ஏப்ரலில் உத்தரவிட்டார். வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது தனிக் கதை. ஆனால் ‘வாடிக்கையாளர் ஏமாந்தார், அதனால் எங்களுக்கு வேலை இல்லை’ என்று ஒரு நிறுவனம் கையைக் கழுவ முடியாது என்பதை நம் ஊர் அதிகாரி ஒருவரே சொல்லிவிட்டார் இல்லையா?

அதுவும் கடைத் திருட்டில் உங்கள் பக்கம் தவறே கிடையாது. நீங்கள் எந்த லிங்க்கையும் தொடவில்லை. 2020-ல் பிக்பாஸ்கெட் வாடிக்கையாளர்கள் சுமார் 2 கோடி பேருடைய விவரம் திருடு போனதாகச் செய்தி வந்தது. நிறுவனமும் பெங்களூர் சைபர் போலீஸில் புகார் கொடுத்தது. அந்த 2 கோடிப் பேர் செய்த ஒரே காரியம், காய்கறி வாங்கியது! 2021-ல் டோமினோஸ் இந்தியாவின் 18 கோடி ஆர்டர் விவரங்கள் வெளியே வந்தன. ஒரு போன் நம்பரைப் போட்டால், அந்த ஆள் எந்தெந்த விலாசத்துக்கு பீட்சா வரவழைத்தார் என்று காட்டும் தேடுதளத்தையே போட்டுவிட்டார்கள். கார்டு விவரம் போகவில்லை என்றது நிறுவனம். ஆனால் ஒரு பெண் தங்கியிருக்கும் ஹாஸ்டல் முகவரி, அவளைத் தொந்தரவு செய்யும் ஒருத்தன் கைக்குப் போனால் அது கார்டு நம்பரைவிடச் சின்ன விஷயமா என்ன?

அஞ்சாவது ஆள்: கேட்டு வாங்கியவர்

இப்போது கூண்டில் மிச்சம் இருப்பது ஒருத்தர். ‘நம்பர் சொல்லுங்க’ என்று கேட்டவர். அது சாக்லெட் கடை முதலாளியாக இருக்கலாம், பெரிய கம்பெனியாக இருக்கலாம், அரசாங்கத் துறையாகவும் இருக்கலாம்.

இந்த நியாயம் நீலகிரிக்காரர்களுக்குப் புதுசே இல்லை. யோசித்துப் பாருங்கள். ரோட்டோரம் பிளாஸ்டிக் குவிந்தபோது முதலில் என்ன செய்தோம்? ‘டூரிஸ்ட் எறிஞ்சுட்டுப் போறான்’ என்று திட்டினோம். திட்டித் தீரவில்லை. அப்புறம்தான் கடையில் விற்பதையே தடை செய்தார்கள். காட்டுக்குள் மது பாட்டில் உடைந்து யானைக்கும் மானுக்கும் காலைக் கிழித்தபோதும் இதேதான். சென்னை உயர் நீதிமன்றம் கேட்ட பிறகு, 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் ஒரு திட்டம் வந்தது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். காலி பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். உடைத்தவன் குற்றவாளிதான். ஆனால் விற்றவன் அந்தப் பாட்டில் திரும்பி வரும்வரை பொறுப்பாளி!

வாடிக்கையாளர் விவரமும் அப்படித்தான். வியாபாரம் முடிந்த பிறகு கடையில் மிஞ்சிக் கிடக்கும் காலி பாட்டில் அது. பில் போட்டு முடித்ததும் அதற்கு வேலையே இல்லை. வைத்துக்கொண்டே இருந்தால் என்றைக்காவது யார் காலையாவது கிழிக்கும். வாங்காத விவரத்தை எந்த ஜெகதலப் பிரதாபனாலும் திருட முடியாது. அழித்துவிட்ட விவரமும் அப்படியே.

சட்டம் என்ன சொல்லுது?

2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், 2009-ல் 43-ஏ என்ற பிரிவு அமலுக்கு வந்தது. முக்கியமான தனிநபர் விவரத்தை ஒரு நிறுவனம் அலட்சியமாகக் கையாண்டு நஷ்டம் வந்தால், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்றது. கேட்க ஜோராக இருக்கிறது இல்லையா? ஆனால் அதில் ரெண்டு ஓட்டை. ‘முக்கியமான விவரம்’ என்று 2011 விதிகள் போட்ட பட்டியலில் பாஸ்வேர்டு, பணக் கணக்கு, உடல்நலம், கைரேகை எல்லாம் உண்டு... உங்கள் பெயர், முகவரி, போன் நம்பர் கிடையாது! ரெண்டாவது, அந்தப் பிரிவு வியாபாரம், தொழில் செய்யும் நிறுவனங்களைப் பற்றித்தான் பேசியது. ரேஷன் விவரத்தை வைத்திருக்கும் அரசுத் துறையை அதை வைத்து இழுப்பது கஷ்டம்.

2017 ஆகஸ்ட் 24. ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடர்ந்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் ‘அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை’ என்றார்கள். அதன் தொடர்ச்சியாக, 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் என்று அப்போது சொல்லப்பட்டது.

இந்தச் சட்டம் நம்ம கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறது. விவரத்தை எதற்காக, எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவு செய்பவர் யாரோ, அவரே பொறுப்பாளர். வேலையை வேறு கம்பெனிக்குக் கொடுத்திருந்தாலும் சரி, “ஒப்பந்தத்தில் அப்படி எழுதவில்லை” என்று சொன்னாலும் சரி, பொறுப்பு அவருடையதே. திருடு போனால் மூடி மறைக்கக் கூடாது. தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் சொல்ல வேண்டும், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். வேலை முடிந்தால் விவரத்தை அழிக்க வேண்டும். சரியான பாதுகாப்பு இல்லாமல் பறிகொடுத்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். சொல்லாமல் மறைத்தால் 200 கோடி வரை.

சபாஷ் என்று கைதட்டும் முன்னால் இன்னொரு விஷயம். அந்த அபராதம் போவது அரசு கஜானாவுக்கு. பறிகொடுத்த உங்களுக்கு ஒரு பைசா கிடையாது! இழப்பீடு பேசிய பழைய 43-ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்கச் சொல்கிறது. அதோடு, மானியம், நலத்திட்டம் போன்றவற்றுக்கு அரசு நம்மிடம் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. சம்மதம் கேட்காமல் வாங்குகிறவருக்குத்தானே பொறுப்பு இரட்டிப்பாக இருக்க வேண்டும்? இதை நீங்கள் காலேஜ் டிபேட்டில் பேசலாம், தாராளமாக!

நீங்க என்ன செய்யலாம்?

* ‘எதுக்குங்க?’ன்னு கேளுங்க: செல் நம்பர் தராவிட்டால் பொருள் தர மாட்டோம் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் துறையே அறிவுறுத்தியது. சிரித்த முகத்தோடு “நம்பர் வேணாங்க, பேப்பர் பில் குடுங்க” என்று சொன்னால் போதும். சண்டை வேண்டாம்.

* ஜெராக்ஸ் கடையில் ரெண்டு நிமிஷம் நில்லுங்க: பிரின்ட் எடுத்ததும் உங்கள் ஃபைலை உங்கள் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள். ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து! முழு ஆதார் தேவைப்படாத இடத்தில், கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். ஆதார் தளத்திலேயே கிடைக்கும்.

* உங்க பேர்ல எத்தனை சிம்? தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம். வீட்டில் அம்மா, பாட்டி பெயரிலும் பார்த்துச் சொல்லுங்கள்.

* பணம் போயிடுச்சா? ‘ஐயோ, வீட்டுக்குத் தெரிஞ்சா திட்டுவாங்க’ என்று உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே 1930-க்கு போன். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

* கடைக்காரரே உங்க விவரத்தை அடுத்தவருக்குக் கொடுத்தாரா? நம்பிக் கொடுத்த சொந்த விவரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக மற்றவருக்குச் சொல்வது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். உதவிக்கு 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஊட்டியிலேயே இருக்கிறது.

* நீங்களே கவுன்டரில் நிற்கிறீர்களா? உங்களுக்கென்று தனி பாஸ்வேர்டு கேட்டு வாங்குங்கள். கடை வேலைக்கு உங்கள் சொந்த போனில் கஸ்டமர் நம்பரைச் சேர்க்காதீர்கள். சீசன் முடிந்து கிளம்பும்போது, “அண்ணே, என் பாஸ்வேர்டை எடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். நாளைக்கு ஏதாவது நடந்தால் உங்கள் தலை தப்பும்.

கடைசியா ஒண்ணு...

முதலாளிகளையும் கொஞ்சம் பாவம் பார்க்கலாம். சின்னக் கடைக்காரர் யாரும் வேண்டுமென்று விவரத்தைப் பறிகொடுப்பதில்லை. எல்லாக் கடையிலும் கேட்கிறார்கள், நாமும் கேட்போம் என்று கேட்கிறார், அவ்வளவுதான். அவருக்குச் சொல்லிக் கொடுக்க நீங்கள் இருக்கிறீர்களே! பி.காம்., பி.சி.ஏ. படிக்கிறவர்கள் ஒரு நாள் உங்கள் ஏரியா கடைகளுக்குப் போய், ‘எந்த விவரம் தேவை, எது தேவையில்லை, பழசை எப்படி அழிப்பது’ என்று சொல்லிக் கொடுத்தால் அதுவே அருமையான என்.எஸ்.எஸ். பிராஜெக்ட். ஒரு டீ வாங்கிக் கொடுப்பார், வர்க்கியோடு!

அரசாங்கத் துறைக்கு யார் சொல்லிக் கொடுப்பது? அதற்குத்தான் கேள்வி கேட்கும் வயசில் நீங்கள் இருக்கிறீர்கள். 2021-ல் பட்டியலில் வந்த அந்த அரை கோடிப் பேரில் பெரும்பாலானவர்களுக்குத் தங்கள் பெயர் அதில் இருந்ததா இல்லையா என்று பார்த்துக்கொள்ளும் வழிகூடத் தெரியாது. அந்த லைன் வீட்டுப் பாட்டியின் பெயரும் அதில் இருந்திருக்கலாம். அரிசிக்காகத் தன் பெயரையும் பேரன் பெயரையும் கொடுத்தவர் அவர்.

காலி பாட்டிலுக்கே பத்து ரூபாய் வைத்து, ஒரு பொறுப்பாளியையும் நிறுத்திய மலை இது. ஒரு பாட்டியின் பெயருக்கு வேண்டாமா?